வந்தாச்சுக்கு ஒரு புள்ளி

முகத்தைப் பார்த்து வருகை பதியும் மெஷின் எங்கள் ஷெட்டுக்கு வந்த காலையில்தான் இதை எழுதவேண்டும் என்று தோன்றியது. சரியாகச் சொன்னால், வீரமணி அண்ணன் அதன் முன்னால் போய் நின்ற நிமிஷத்தில்.

ஷெட் என்றால் சுரங்கத்தின் கேட்டுக்கு வெளியே, கான்ட்ராக்ட் ஆட்கள் ஷிப்டுக்கு முன்னால் கூடுகிற தகரக் கொட்டகை. பதினோரு வருஷம் அங்கே உட்கார்ந்து மஸ்டர் படித்தவள் நான். ரிஜிஸ்டரில் இருக்கும் பேர்களை வரிசையாக உரக்கப் படிப்பேன். பதில் வந்தால் கட்டத்தில் ‘பி’, வராவிட்டால் ‘ஏ’. அதுதான் வேலை. அன்றைக்கு என் மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு இரும்புக் கம்பத்தை நட்டு அதன் தலையில் மெஷினை மாட்டியிருந்தார்கள். ஆள் போய் நின்றால் முகத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் வரும். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் பேரைச் சொல்லி, வருகை பதிவானது, நன்றி என்று முடிக்கும். எல்லாரும் ஒரு தடவை பச்சை வட்டத்துக்குள் தங்கள் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு சுரங்க பஸ்ஸைப் பார்த்து நடந்தார்கள்.

வீரமணி அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். மெஷின் அவர் பேரைச் சொல்லி நன்றி சொன்னது. அவர் அதற்குப் பணிவாகப் பதில் சொன்னார்.

“வந்தாச்சுங்க.”

கொட்டகையே சிரித்தது. மெஷினைப் பொருத்த வந்திருந்த காவ்யாவுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். என் காதோரம் வந்து, “ஏன்க்கா சிரிக்கிறாங்க? மரியாதையாத்தானே சொன்னாரு?” என்றாள். அப்புறம், மெஷின் இல்லாமல் இத்தனை பேரை நீங்கள் எப்படிப் பதிந்தீர்கள் என்றும் கேட்டாள். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் என்று அப்போது எனக்குப் பட்டது. ஆனால் அந்தப் பதிலை நின்றபடி சொல்ல முடியாது. அடுத்த மாதக் கடைசியில் எனக்குச் சால்வையும் டிபன் பாக்ஸும் கொடுத்து அனுப்பினார்கள். முப்பத்து மூணு வயசில் ரிட்டையர் ஆன ஒரே ஆள் நீதாம்மா என்று கேலி வேறு. ரிட்டையர் ஆனவர்கள்தானே அனுபவம் எழுதுவார்கள், எனக்கும் தகுதி வந்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. மந்தாரக்குப்பத்தில் அப்பாவுக்குத் தையல் கடை. வரலாறு பி.ஏ. முடித்துவிட்டு, தபாலில் எம்.ஏ. படித்துக்கொண்டு, கடையில் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் சட்டை தைக்க வந்த ஜெயராஜ் சார், பெல்ட் கிளீனிங் கேங்குக்கு சூப்பர்வைசர், அளவு நோட்டில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பொண்ணு ரிஜிஸ்டர் எழுதுமா என்று கேட்டார். அடுத்த திங்கட்கிழமை காலை ஐந்தேகாலுக்கு ஷெட்டில் இருந்தேன். முதல் வாரம் தப்புத்தப்பாக எழுதினேன், இரண்டாவது வாரம் தொண்டை கட்டிக்கொண்டது, மூன்றாவது வாரத்திலிருந்து சரியாகிவிட்டது. பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

பெல்ட் கிளீனிங் என்பது, மண்ணும் கரியும் ஓடுகிற கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை மண்வெட்டியால் வாரி மறுபடி பெல்ட்டில் போடுவது. மழைக்காலத்தில் களிமண் மண்வெட்டியை விடாது, ஆள் இழுத்து ஆள் விழுவார்கள். நூற்று முப்பத்தெட்டுப் பேர். ஐந்தரைக்கு நான் முதல் பேரைப் படிக்கவேண்டும், ஐந்து நாற்பத்திரண்டுக்கு பஸ் கிளம்பும். பன்னிரண்டு நிமிஷத்தில் அத்தனை பேர் என்றால் தலையைத் தூக்க முடியாது. இடது கை ஸ்கேலை வரிசைக்கு அடியில் பிடித்திருக்கும், ஒவ்வொரு பேருக்கும் ஒரு வரி இறங்கும். வலது கை எழுதும். கண்ணைத் தூக்கினால் ஸ்கேல் ஒரு வரி தள்ளிவிடும், ஒருத்தர் நாள் இன்னொருத்தருக்குப் போய்விடும். அதனால் முழுக்க முழுக்கக் காதுதான். யார் சளி பிடித்து வந்திருக்கிறார், யார் முந்தின நாள் சண்டை போட்டிருக்கிறார், எல்லாம் அந்த ஒரு பதிலிலேயே தெரியும். ஆறு மாசத்தில் அத்தனை பேர் குரலும் எனக்குத் தெரியும். பாதிப் பேர் முகம் தெரியாது. மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால், குரலைக் கேட்ட பிறகுதான் வரிசை எண் ஞாபகம் வரும்.

பதில் சொல்வதில் ஆளுக்கொரு தினுசு உண்டு. இருக்கேங்க. உள்ளேன். ஓய். ஒருத்தர் வெறுமே இருமுவார். ஆனால் சிலர் மட்டும், எத்தனை அவசரத்திலும், வந்தாச்சுங்க என்பார்கள். வந்தேன் என்றோ இருக்கேன் என்றோ அவர்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. முதலில் அதை ஒரு பழக்கம் என்றுதான் நினைத்தேன். நாலாவது மாசம் அறுபத்தொன்றாவது வரிசையில் விஷயம் பிடிபட்டது.

அறுபத்தொன்று, கலியமூர்த்தி. நான் படித்தால் “வந்தாச்சுங்க” என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வரும். ஒரு நாள் ஆட்கள் பஸ்ஸில் ஏறும்போது பின்னாலிருந்து யாரோ, “யோவ் வீரமணி, மம்பட்டிய வுட்டுட்டுப் போறியே” என்று கூப்பிட்டார்கள். “இரு, வரேன்” என்றது அதே குரல். என் ரிஜிஸ்டரில் வீரமணி என்று ஒரு பேரே கிடையாது.

விசாரித்ததில் தெரிந்தது இது. வடக்குத்துப் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம் கலியமூர்த்தியுடையது. அதனால் அவர் பேரில் கேட் பாஸ் வந்தது. தூசியில் அவருக்கு முதல் மாசமே மூச்சு இழுத்தது, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். பாஸைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பேர் போய்விடும், புதுப் பேர் உள்ளே போகாது. ஆகவே தங்கை செல்வியின் புருஷனை அதே பாஸில் அனுப்பினார்கள். அவர்தான் வீரமணி, சேத்தியாத்தோப்புப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர். பாஸில் இருந்த போட்டோ வேர்வை பட்டு மங்கி மீசை மட்டும்தான் மிச்சம். மீசை இரண்டு பேருக்கும் இருந்தது.

இப்படி ஒன்பது பேர் இருந்தார்கள். தம்பி பேரில் அண்ணன், செத்துப்போன அக்கா பேரில் தங்கை. அவர்கள் எல்லாரும் வந்தாச்சு என்றார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து இல்லை. நான் இன்னார் என்று பொய் சொல்ல வாய் வரவில்லை, உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். வந்தாச்சு என்றால் ஒரு ஆள் வந்திருக்கிறான், அவ்வளவுதான். யார் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. இலக்கண வகுப்பில் தூங்கிய எனக்கு ஒரு வினைமுற்றின் அருமை தகரக் கொட்டகையில்தான் புரிந்தது.

ஜெயராஜ் சாரிடம் போய்ச் சொன்னேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாற்பது வயசு, தேய்த்த சட்டை, பையில் எப்போதும் இரண்டு பேனா. ஆனால் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. எதையும் பைக் சாவியின் நுனியால் தொட்டுக் காட்டுவார், எழுதுவது நான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு அம்மா வந்து நின்றால், சாவி நுனி அவர் பேரைத் தொட்டு, கேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் லேசான இடத்துக்கு நகரும். நல்ல மனுஷன். ஆனால் அவர் கையெழுத்து எந்தத் தாளிலும் இருக்காது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “வேலை நடக்குதா? தலை எண்ணிக்கை சரியா இருக்குதா? அப்ப அது அப்படியே போய்க்கினு இருக்கட்டும்மா” என்றார். டீ வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு ஒரு பயம் மட்டும் போகவில்லை. பெல்ட்டில் ஏதாவது ஆகிவிட்டால் எந்த வீட்டில் போய்ச் சொல்வது? ரிஜிஸ்டரைப் பார்த்து ஓடினால் கலியமூர்த்தியின் பொண்டாட்டியிடம் போய் நிற்போம், செல்விக்குச் சேதியே போகாது. அதனால் வந்தாச்சு என்று குரல் வந்தால், ‘பி’ எழுதி அந்தக் கட்டத்தின் கீழ் மூலையில் பேனா நுனியால் ஒரு புள்ளி வைக்க ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் கை தானாக வைத்தது. டெண்டர் மாறும், கம்பெனி போர்டு மாறும், ரிஜிஸ்டரின் அட்டை நிறம் மாறும். புள்ளி மட்டும் மாறவில்லை.

ஆறாவது வருஷம் ஒரு அறிவிப்பு வந்தது. சீனியாரிட்டிப்படி கொஞ்சம் பேரை அடுத்த படிக்கு எடுக்கப்போகிறார்கள். அதில் போய்விட்டால் டெண்டர் மாறினாலும் வேலை போகாது. கலியமூர்த்தி பேர் பட்டியலில் இருந்தது. பத்து வருஷ வருகை, அதில் ஆறு வருஷம் என் கையெழுத்து. சேதி கேட்டு திருப்பூரிலிருந்து கலியமூர்த்தி வந்துவிட்டார். அந்தப் பேரில் வேலை செய்வது வேறு ஆள் என்று யாரோ மொட்டைக் கடிதமும் போட்டுவிட்டார்கள்.

விசாரணை மத்தியானம் நடந்தது. அதிகாரி வயசானவர், தன்மையானவர், எங்களை உட்காரச் சொன்னார். ஜெயராஜ் சாரும் நானும் உட்கார்ந்தோம். மச்சான்கள் இரண்டு பேரும் நின்றார்கள், சொல்லியும் உட்காரவில்லை. கலியமூர்த்தி தன் ஆதார் அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்த நிலத்தில் நானும்தாங்க ஏர் ஓட்டினேன், அதுக்குக் கொடுத்த பேருங்க இது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அதிகாரி வீரமணி அண்ணனைப் பார்த்து, நீங்க யாரு என்றார்.

“இவரு மச்சானுங்க.”

“இந்தப் பேர்ல இத்தனை வருஷம் வேலை செஞ்சது நீங்களா?”

அவர் தரையைப் பார்த்தார். நான்தான் என்றால் பேரே போய்விடும், பொண்டாட்டியின் பிறந்த வீட்டுக்கு நிலத்துக்குப் பதிலாக மிஞ்சியது அது ஒன்றுதான். இல்லை என்றால் தன் பத்து வருஷம் போய்விடும். “வேல ஆயிருக்குதுங்க” என்றார்.

அதிகாரி ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். கையெழுத்து உங்களுடையதா என்றார், ஆமாம் என்றேன். இந்தப் பேரைக் கூப்பிட்டபோது வந்தது இவர்களில் யார் என்றார். எனக்குத் தெரியும். அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. அவர் விரல் வைத்திருந்த கட்டத்திலேயே என் புள்ளி இருந்தது. ஜெயராஜ் சாரின் சாவி மேஜைமேல் சும்மா கிடந்தது.

“நான் பேரைத்தாங்க சார் படிப்பேன். தலை தூக்கிப் பாக்கறதில்ல” என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, நானும் வந்தாச்சு என்றுதான் சொல்லியிருக்கிறேன் என்று.

பேருக்குரிய கலியமூர்த்திக்கே இடம் கிடைத்தது. ஆட்களுக்கு அப்போது தட்டுப்பாடு, ஒரு சலுகையாக வீரமணி அண்ணனுக்கு அவர் பேரிலேயே புதுப் பாஸ் போட்டுக் கொடுத்தார்கள். சர்வீஸ் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. கலியமூர்த்திக்கு உத்தரவு கைக்கு வர இரண்டு மாசம் ஆனதால் அதுவரை இரண்டு பேரும் என் ரிஜிஸ்டரிலேயே இருந்தார்கள். அறுபத்தொன்றில் மச்சான், கடைசி வரிசையில் இவர்.

அந்த முதல் காலை. அறுபத்தொன்றைப் படித்தேன், “இருக்கேன் சார்” என்று புதுக் குரல். அவர் கடைசிவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டார். வரிசை இறங்கிக் கடைசிக்கு வந்தது. வீரமணி என்று படித்தேன். பதில் இல்லை. மறுபடி படித்தேன். யாருய்யா அது புதுசு என்று யாரோ கேட்டார்கள். ‘ஏ’ போடப் பேனா இறங்கிவிட்டது. அப்போது முதல் தடவையாகத் தலையைத் தூக்கினேன். வீரமணி அண்ணன் முன் வரிசையில் நின்றுகொண்டு, மற்றவர்களைப் போலவே அந்தப் புது ஆளைத் தேடித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்தார். “யோவ், உன்னத்தான்யா.”

“ஆங். வந்தாச்சுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்கப்புறம் அவர் பேச்சை மாற்றிக்கொள்ளவேயில்லை. மெஷினிடம் சொன்னபோது எழுந்த சிரிப்பு இந்தச் சிரிப்பின் மிச்சம்தான்.

இப்போது நடப்பதற்கு வருகிறேன். மெஷின் வந்த வாரமே புது சீனியாரிட்டிப் பட்டியல் ஒன்றை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். வீரமணி அண்ணன் பேரில் ஐந்து வருஷம்தான் கணக்கு, வெகு கீழே இருந்தார். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவர் முறை வருவதற்குள் அறுபது ஆகிவிடும். அந்தப் பத்து வருஷம் சேர்ந்தால் முதல் பக்கத்திலேயே வந்துவிடுவார். ஆட்சேபணை இருந்தால் மூன்று மாசத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று கீழே போட்டிருந்தது. அவர் படித்துவிட்டு பஸ் ஏறினார்.

என்னைப் பழைய ரிஜிஸ்டர்களைக் கட்டி வைக்கச் சொல்லியிருந்தார்கள், பழைய பேப்பர்காரர் வருவார் என்று. கட்டும்போது மனசு கேட்காமல் அந்த விசாரணைக்கு அடுத்த மாசத்தைப் பிரித்துப் பார்த்தேன். அறுபத்தொன்றில் ஆறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் வந்த புள்ளி, ஒரு தேதியில் நின்றிருந்தது. அதே தேதியில் கடைசி வரிசையில், வீரமணி என்ற பேருக்கு எதிரே புள்ளி ஆரம்பித்திருந்தது. சொந்தப் பேரில் வந்தவருக்கு நான் புள்ளி வைத்திருக்கவே கூடாது. காது வந்தாச்சு என்று கேட்டது, கை வைத்துவிட்டது. தப்புதான். ஆனால் அந்தத் தப்பால், மேலே நின்றுபோன புள்ளியும் கீழே ஆரம்பித்த புள்ளியும் ஒரே ஆள் என்று காகிதமே சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து வருஷமாக அலமாரியில் கிடந்திருக்கிறது.

ஜெயராஜ் சாரிடம் அந்தக் கட்டுகளைக் கேட்டேன். “எடுத்துக்கோன்னு நான் சொல்லலம்மா” என்றார். அப்புறம் சாவியை மேஜையிலேயே வைத்துவிட்டு, டீ குடிக்க வடக்குத்து ரோடு வரைக்கும் நடந்தே போனார். அவர் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது.

மற்ற எட்டுப் பேரில் இன்னும் இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள். அவர்கள் வரிசைகளைக் காகிதத் துண்டு வைத்து மறைத்துத்தான் ஜெராக்ஸ் எடுத்தேன். அலுவலகத்தில் அசலைக் கேட்டால் என்ன செய்வது என்று அவர்களிடமே போய்க் கேட்டிருக்கிறேன். ஒருத்தர் சரி என்றார். இன்னொருத்தர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை, ஆட்சேபணையோடு வைக்க என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு வீரமணி அண்ணன் வீட்டுக்குப் போனேன். செல்வி அக்கா முந்திரிக் கொட்டை உடைத்துவிட்டு அப்போதுதான் வந்து, கருத்துப்போன விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் படித்தேன். மேற்படி கட்டங்களில் புள்ளிகள் இடப்பட்டிருந்தன. மேற்படி பெயரில் வேறொருவர் பணிக்கு வந்தது தெரியவந்தது. எனக்கே பெருமையாக இருந்தது, எம்.ஏ. படித்தது வீண்போகவில்லை என்று.

“இரும்மா. யாருக்குத் தெரிய வந்துச்சு?” என்றார் செல்வி அக்கா.

“எனக்குத்தாங்க்கா.”

“புள்ளிய வச்சது யாரு?”

“நான்தான்.”

“அப்ப அத எழுதேன். இது என்னமோ எங்க வூட்டு ஆளு பேசற மாதிரியே இருக்குது.”

அண்ணன் மூலையில் உட்கார்ந்து சிரித்தார். நான் அங்கேயே அடித்துவிட்டு எழுதினேன். புள்ளி வைத்தது நான். வந்தவர் வீரமணி என்று எனக்குத் தெரியும். விசாரணையில் கேட்டபோது தெரிந்தும் நான் சொல்லவில்லை. மூன்றாவது வாக்கியத்துக்குத்தான் நேரம் பிடித்தது. அக்கா அவசரப்படுத்தவில்லை, எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

வீரமணி அண்ணனுக்கு ஒரே ஒரு நிபந்தனை. மச்சானைக் கேட்காமல் இந்தக் காகிதம் எங்கும் போகக்கூடாது. கலியமூர்த்தி போன வருஷம்தான் ரிட்டையர் ஆனார். இந்தக் காகிதம் அவரை எதில் கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் இஷ்டமில்லை. வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் கிழித்துவிடு என்கிறார் அண்ணன். கிழிப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் போகிறோம். எங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன், நீ பேப்பர மட்டும் படி, மஸ்டர் படிக்கிற மாதிரி சத்தமா படி என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

கலியமூர்த்தி சரி என்றால் திங்கட்கிழமை அலுவலகம், அதுதான் கடைசி நாள். அங்கே பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் ‘நான்தாங்க’ என்று சொல்லவேண்டும் என அண்ணனுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து வீட்டில் அக்கா பேரைக் கூப்பிட, அவர் சொல்லிப் பழகுகிறார்.

நேற்று போன் செய்து, “அண்ணே, பழகிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“பழகியாச்சுங்க” என்றார்.